கேட்டதுக்கு மட்டும் பதில்

அந்த அழகு நிலையத்தில் ஜன்னலோர நாற்காலியில் முடி வெட்டுபவள் அவள். அதில் உட்கார்ந்து எழுந்திருப்பதற்குள் அவளுடைய மாமியார் முதல் மாடிவீட்டுப் பூனை வரை எல்லோருடைய கதையும் நமக்குத் தெரிந்துவிடும். வெல்டிங் பட்டறையில் வேலை பார்க்கும் கணவர் அவளுக்கு வைத்த பெயர் ரேடியோ. "ரேடியோவையாவது அணைக்கலாம்" என்று அவரே அலுத்துக்கொள்வார்.

அந்த வாய்தான் வம்பை இழுத்து வந்தது. கணவரின் விசாவில் இந்த வெளிநாட்டுக்கு வந்தவள் அவள். வேலைக்கான அனுமதி பிறகுதான் கிடைத்தது. நிரந்தர வசிப்புரிமை கேட்டுப் போன நேர்காணலில், அனுமதி எப்போது கிடைத்தது என்று மட்டும்தான் அதிகாரி கேட்டார். அதைச் சொன்னவள், "அதுக்கு முன்னாடியே ஒரு நாள் சிநேகிதி கடையில முடி வெட்டியிருக்கேன் சார்" என்றும் சேர்த்துச் சொல்லிவிட்டு வந்தாள். அனுமதியில்லாமல் வேலை செய்தவள் என்று அதிகாரி குறித்துக்கொள்ள, விண்ணப்பம் கிணற்றில் போட்ட கல்லானது.

வக்கீல் பிடிக்காமல் தீராது என்றாயிற்று. முதலில் போய்ப் பார்த்தவர், "கவலையே வேண்டாம், முடிஞ்ச மாதிரிதான்" என்றார். ஒரு காதோரத்து முடியை மறு காதுவரை இழுத்து வழுக்கையை மூடியிருந்தார். படியிறங்கும்போதே அவள் கணவரிடம் சொன்னாள்: "தன் மண்டையையே மறைக்கிறவர் நம்மகிட்ட எதையெல்லாம் மறைப்பாரோ. வேண்டாங்க."

இரண்டாமவர் நடுவயதுப் பெண். நரைக்குச் சாயம் பூசாதவர். "கிடைக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். இருக்கறதை மறைக்காம சொல்லுவோம். ஆனா அளவா சொல்லுவோம்" என்றார். அளவு என்ற சொல்லைக் கேட்டதுமே கணவருக்கு வக்கீலம்மாவைப் பிடித்துப்போனது.

பயிற்சி தொடங்கியது.

"உங்க பேர் என்ன?"

"எங்க அத்தை வச்ச பேருங்க, அவங்களுக்கு..."

வக்கீலம்மா பேனாவால் மேசையைத் தட்டினார். "கேட்டதுக்கு மட்டும் பதில்."

வீட்டில் கணவரே அதிகாரியானார். சாப்பாட்டு மேசையில் ஸ்பூனால் தட்டித் தட்டிக் கேட்டார். "நேத்து என் தங்கச்சிகிட்ட போன்ல என்னைப் பத்தி என்ன சொன்னீங்க?"

"வக்கீல் இல்லாம அதுக்குப் பதில் சொல்ல முடியாது சார்."

மறு நேர்காணலுக்கு வக்கீலம்மாவும் கூட வந்தார். அவள் ஆம், இல்லை என்று கிளிப்பிள்ளை மாதிரி சொல்லிக்கொண்டே போனாள். அதிகாரி பழைய காகிதத்தைப் புரட்டினார்.

"அன்னைக்குச் சம்பளம் வாங்கினீங்களா?"

"இல்லை."

"அப்புறம் ஏன் வெட்டினீங்க?"

அவள் திரும்பிப் பார்த்தாள். வக்கீலம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "சொல்லுங்க" என்றார்.

அணை உடைந்தது. "சும்மா பேசிட்டு வரத்தான் போனேன் சார். சிநேகிதி ஒரு கல்யாணப் பொண்ணுக்கு வெட்டிக்கிட்டிருந்தா. ஒரு பக்கம் தோள்வரைக்கும் வெட்டியாச்சு, மறு பக்கம் இடுப்புவரைக்கும் தொங்குது. அந்த நேரம் பார்த்து இவ ஈரத்தரையில வழுக்கி மணிக்கட்டை உடைச்சுக்கிட்டா. மறுநாள் கல்யாணம்! பொண்ணு ஒரு பக்கம் அழுவுறா, இவ ஒரு பக்கம் அழுவுறா. அந்தப் பொண்ணை அப்படியே அனுப்ப மனசு வருமா? நீங்களே சொல்லுங்க, நீங்களா இருந்தா கத்திரிக்கோலை எடுத்திருக்க மாட்டீங்களா?"

அதிகாரி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பை அடக்கியதில் வந்த தண்ணீர். "சிநேகிதிகிட்டயும் அந்தப் பொண்ணுகிட்டயும் கையெழுத்து வாங்கிக் கொடுங்க. போதும்" என்றார்.

வெளியே வந்ததும் வக்கீலம்மா நின்றுவிட்டார். "ஒரு நாள் உதவி பண்ணேன்னு மட்டும்தானே சொன்னீங்க? இந்தக் கல்யாணப் பொண்ணை ஏன் சொல்லவே இல்லை?"

"நாலு தடவை சொல்ல வந்தேங்க. நீங்கதான் பேனாவால தட்டுனீங்க."

வக்கீலம்மா பேனாவைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

கையெழுத்துகள் போய்ச் சேர்ந்து சில வாரங்களில் வசிப்புரிமை அட்டை தபாலில் வந்தது. கணவர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கண்கலங்கினார். அவளோ பிடுங்கிப் பார்த்துவிட்டு, "ஐயோ, படத்துல முன்முடி இப்படியா தூக்கிக்கிட்டு நிக்கும்? ஏங்க, இதை மட்டும் மாத்திக் கேட்டா என்ன?" என்றாள்.

அவர் அட்டையைத் திரும்ப வாங்கிச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டினார்.