கல்லூரிக்குப் பூக்கட்டிப் பார்த்த கதை

பதுளைக்கு ரயில் பாதை போட்டுக்கொண்டிருந்த காலம். எங்கள் கடையிலிருந்து ஆணியும் கயிறும் மண்வெட்டியும் பாதை வேலைக்குப் போய்க்கொண்டிருந்தன. "அந்த இன்ஜினியர் வந்தா தோட்டத்துத் துரையே எந்திரிச்சு நிக்கிறாருடா" என்று அப்பா சொல்லாத நாளில்லை. அப்போதே என் தலையெழுத்தை எழுதிவிட்டார்.

எனக்கு இன்ஜினியரிங் கசக்கவில்லை. ஆனால் ரசாயனமும் பிடித்திருந்தது, கணக்கையும் விட மனமில்லை. கொழும்புக் கல்லூரியில் சேர்ந்தால் முதலில் பொதுவாக விஞ்ஞானம் படிக்கலாம்; இன்ஜினியரிங்கா வேறா என்று பிறகு முடிவு செய்யலாம். மெட்ராஸில் அப்பா பார்த்துவைத்த கல்லூரியிலோ முதல் நாளே இன்ஜினியரிங். அப்புறம் மாற வழியே கிடையாது. ஒரு மாதம் வீட்டில் இதே சண்டை. கடைசியில் அப்பா, "பூக்கட்டிப் பாத்துருவோம். சிவப்பு வந்தா கொழும்பு, வெள்ளை வந்தா மெட்ராஸ். நீயே கட்டு, நான் பாக்க மாட்டேன்" என்றார்.

நம்பிவிட்டார் மனுஷன். நான் செய்தது வெட்கக்கேடு, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வாழையிலைத் துண்டிலும் செவ்வரளியையே வைத்துக் கட்டினேன்.

கடைத்தெருப் பிள்ளையார் முன்னால் பொட்டலங்களை வைத்தாயிற்று. ஒன்றை எடுக்க என் குட்டித் தங்கை கையை நீட்டினாள்.

"இரும்மா" என்றார் அப்பா. அவர் கண் கலங்கியிருந்தது. "வெள்ளைதான் நல்ல பூ. பையன் ஆசைக்கு அதையே வச்சிருவோம். வெள்ளை வந்தா கொழும்பு, சிவப்பு வந்தா மெட்ராஸ். என்னப்பா, சந்தோஷந்தானே?"

ஐயோ! வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார். சரியென்று தலையை ஆட்டினேன்.

தங்கை ஒன்றை எடுத்தாள். அப்பா பிரித்தார். சிவப்பு. எதை எடுத்திருந்தாலும் சிவப்புதான் என்பது அந்தச் சந்நிதியில் எனக்கும் பிள்ளையாருக்கும் மட்டும் தெரியும்.

அப்பாவுக்கு என்னைவிட வருத்தம். என் தோளில் கை போட்டு, "சாமியே சொல்லிருச்சு, விடுப்பா" என்றார். பிறகு, "அந்த மத்தப் பொட்டலத்தை எடு. வெள்ளைப் பூவையும் பிள்ளையாருக்கே சாத்திட்டுப் போவோம்" என்றார்.

"காணோம்ப்பா" என்றேன். அது என் கைக்குள் கசங்கிக்கொண்டிருந்தது.

அப்பா மண்டியிட்டுத் தரையெல்லாம் தேடினார்.