அக்காவின் கணவர் எங்கள் பிரிவுக்கு வந்தார்

அக்காவுக்குக் கல்யாணம் ஆனபோது எனக்குப் பதினாறு வயது. மாப்பிள்ளை ராணுவத்தில் இருந்தார். விடுப்பில் வரும்போதெல்லாம் மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக்கு வந்து, அம்மா வைக்கும் மீன் குழம்பைப் புகழ்ந்துகொண்டே இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொள்வார். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். அவருக்கு நான் பாப்பா. அப்பா இறந்த பிறகு என்னைக் கல்லூரியில் சேர்க்க அம்மாவுடன் வந்து நின்றவர் அவர்தான். நானும் ராணுவத்துக்குப் போகப்போகிறேன் என்று சொன்னபோது முதலில் சிரித்தவரும் அவர்தான்.

"இவளா? காலைல இவளை எழுப்பணும்னாலே பேண்டு வாசிக்கணும்."

தேர்வாகி, பயிற்சி முடித்து, அதிகாரியாகிவிட்டேன். மாமா சிப்பாயாகச் சேர்ந்து, படிப்படியாக ஏறி, அதற்குள் நாயப் சுபேதார் ஆகியிருந்தார். பாதி ஆயுளை உழைத்து அவர் எட்டிய இடத்துக்கும் மேலே, பயிற்சி முடிந்த அன்றே நான் போய் உட்கார்ந்துவிட்டேன். ராணுவத்தின் ஏற்பாடு அப்படி. வீட்டில் யாரும் அதைப் பேசவில்லை. அவர் ஒரு எல்லையில் இருந்தார், நான் வேறொரு மூலையில் இருந்தேன். பேசவேண்டிய தேவை வரவில்லை.

நான் கேப்டனாகி, சென்னைக்கு மாற்றலாகி வந்த மறு வருடம் அந்தத் தேவை வந்தது. எங்கள் பிரிவுக்குப் புதிதாக வரப்போகிறவர்களில் மாமாவும் ஒருவர்.

நான் அப்போது அட்ஜுடன்ட். யாரை எந்த வேலைக்கு அனுப்புவது, யார் எங்கே நிற்பது என்று கமாண்டிங் ஆபீசருக்காகப் பார்த்துக்கொள்கிற பொறுப்பு. செய்தி தெரிந்ததும் நேராக அவருடைய அறைக்குப் போய், வருகிறவர் என் அக்கா கணவர் என்று சொன்னேன். அவர் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை.

"சொன்னது நல்லது. அவருடைய விடுப்பும் வருடாந்திர மதிப்பீடும் உங்களிடம் வராது, ஒரு மேஜர் பார்ப்பார். மற்றபடி எல்லோரையும் போலத்தான் அவரும்" என்றார்.

பாரம் இறங்கியதுபோல வெளியே வந்தேன். ஆனால் மாமா வந்து சேர்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்தில் பூசை முடிந்து எல்லோரும் அம்மா வீட்டில் கூடியிருந்தபோது, அவர் முகம் சரியாக இல்லை.

"சி.ஓ. கிட்ட நம்ம உறவைச் சொல்லிட்டியாமே?"

"சொல்லித்தானே ஆகணும் மாமா."

"சொல்ல வேணாங்கல. எனக்கு ஒரு போன் பண்ணிட்டுப் போயிருக்கலாம் இல்ல? நான் என்ன, உன்கிட்ட சலுகை கேட்டு வர்ற ஆளா?"

"உங்கமேல நம்பிக்கை இல்லாம சொல்லல மாமா. எனக்கு என்மேலதான் நம்பிக்கை இல்ல. நீங்க லீவு கேட்டா முடியாதுன்னு சொல்ல எனக்கு வாய் வருமா?"

சமையலறையில் அம்மாவின் பாத்திரச் சத்தம் நின்றுபோயிருந்தது. மாமா சோற்றைப் பிசைந்து ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"சரி விடு. உள்ள நான் மேடம்னுதான் கூப்பிடுவேன். நீ சிரிச்சிடக் கூடாது."

"நான் உங்களை சாப்னு கூப்பிடுவேன். நீங்களும் சிரிக்கக் கூடாது."

அவருடைய நிலையில் இருப்பவர்களை அதிகாரிகள் சாப் என்றுதான் மரியாதையாக அழைப்பார்கள். என்னைவிட மூத்த எத்தனையோ பேரை நான் அப்படிக் கூப்பிட்டுப் பழகியிருந்தேன். அதனால் வார்த்தையில் சிரமம் இல்லை. உடம்புக்குத்தான் சிரமம். முதல் வாரம் அவர் என் அறைக்குள் வந்து விறைப்பாக நின்று சல்யூட் அடித்தபோது, வீட்டுப் பழக்கத்தில் நான் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டேன். அலமாரியில் எதையோ எடுக்கப் போனதுபோல நடித்துச் சமாளித்தேன். அவர் சிரிக்கவில்லை.

மாலையில் அவருடைய பைக்கும் என் ஸ்கூட்டரும் ஏறக்குறைய ஒரே வழியில்தான் போகவேண்டும். ஆனாலும் சேர்ந்து கிளம்ப மாட்டோம். மற்றவர்கள் கண் எங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கும். ஒருமுறை ஒரு ஹவில்தார் மாமாவிடம், "சாப், மேடம் உங்க சொந்தம்தானே, என் லீவுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்களேன்" என்று கேட்டிருக்கிறார். "உனக்கு அவங்க மேடம். எனக்கும் மேடம்தான்" என்று மாமா பேச்சை முடித்துவிட்டாராம். அந்த ஹவில்தாரே பிறகு என்னிடம் சொன்னார்.

அந்த வருட மழை விடாமல் பெய்தது. அடையாற்றில் தண்ணீர் ஏறத் தொடங்கியதும் எங்களையும் உதவிக்குத் தயாராக இருக்கச் சொன்னார்கள். எல்லோருடைய விடுப்பும் நின்றது. அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அக்கா மகளுக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். வெள்ளை உடை தைத்து வந்து, முடிக்குப் பூவளையம் வாங்கி வைத்து, குழந்தை மாதக்கணக்கில் காத்திருந்தாள். சனிக்கிழமை அக்கா போன் செய்தாள்.

"காலைப் பூசைக்கு மட்டும் வந்துட்டுப் போகட்டும்டி. ரெண்டு மணி நேரம்கூட ஆகாது. யாரு நிக்கணும், யாரு போகணும்னு நீதானே முடிவு பண்ற?"

"நான் முடிவு பண்றதாலதான் முடியாதுக்கா."

"அவரு கேக்கச் சொல்லல. தெரிஞ்சா என்னைத்தான் திட்டுவாரு."

"இங்க ஒருத்தரோட அம்மா ஊர்ல ஆஸ்பத்திரியில இருக்காங்க. அவரையே அனுப்ப முடியல."

"அவங்க யாரும் உன் அக்கா இல்லையே" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

அவளுடைய கோபத்தில் நியாயம் இருந்தது. பிரசவத்துக்கும் அவர் இல்லை, குழந்தை நடக்கத் தொடங்கியபோதும் இல்லை, ஆதம்பாக்கத்தில் வாடகை வீடு பார்த்துக் குடிபோனபோதும் இல்லை. சொந்த ஊருக்கே மாற்றலாகி வந்த பிறகும் இல்லை என்றால் அவள் யாரிடம் போய்க் கேட்பாள்? இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் பணிப் பட்டியலில் பெயர்களை மாற்றவில்லை.

ஞாயிறு காலை கோட்டூர்புரத்தில் ஆற்றை ஒட்டிய குடியிருப்புகளுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. இரண்டு படகுகளுடன் போனோம். ஒன்று சந்துகளுக்குள் போய் ஆட்களை ஏற்றி வரவேண்டும். அது சுலபம். மற்றது ஆற்று நீரின் இழுப்பைக் குறுக்கே கடந்து, கரையோரக் கட்டடம் ஒன்றின் மாடியில் சிக்கியிருந்த கர்ப்பிணிப் பெண்ணையும் அவளுடைய மாமனார் மாமியாரையும் கொண்டுவரவேண்டும். படகை நடத்த இரண்டு சாப்கள் இருந்தார்கள். ஒருவர் மாமா. இன்னொருவர் அண்மையில்தான் படகுப் பயிற்சி முடித்தவர். இழுப்பில் படகு ஓட்டி அனுபவம் இருந்தது மாமாவுக்குத்தான்.

ஆனாலும் என் வாயில் மற்றவர் பெயர்தான் வந்து நின்றது. கண் முன்னால் அக்காவின் முகம். சலுகை என்றால் விடுப்பு கொடுப்பது, நல்ல மதிப்பெண் போடுவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். ஒருவரை ஆபத்திலிருந்து நகர்த்தி அந்த இடத்தில் இன்னொருவரை நிறுத்துவதும் சலுகைதான் என்பது, அந்தத் தண்ணீருக்கு முன்னால் நின்றபோதுதான் உறைத்தது. அந்த இன்னொருவர் வீட்டிலும் ஒரு மனைவி இருந்தாள்.

"சாப், அந்தக் கட்டடம் உங்களுக்கு."

"சரி மேடம்."

மிதவைச் சட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, தன் ஆட்களோடு ஏறிப் போனார்.

என் பக்கத்தில், துணி மூட்டையைத் தலையில் வைத்தபடி அந்தக் குடியிருப்புப் பெண் ஒருத்தி நின்றிருந்தாள்.

"இன்னாம்மா, நீதான் இவுங்களுக்கு ஆபீசரா?"

"ஆமாங்க."

"அந்த சாரு போய்க்கினு கீறாரு, தண்ணி இன்னாமா இழுக்குது பாரு. உனுக்கு பயமா இல்ல?"

"பயமாத்தான் இருக்கு."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். மூட்டையைக் கீழே இறக்கி, அதைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாளை உருவி, எங்கள் இரண்டு பேர் தலைக்கும் மேலாகப் பிடித்துக்கொண்டாள். "வர்ற வரிக்கும் நானும் நிக்கறேன்" என்றாள்.

படகு ஒருமுறை பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போய், பிறகு நிமிர்ந்தது. கர்ப்பிணிப் பெண்ணோடும் பெரியவர்களோடும் அது கரைக்குத் திரும்பியது. குரலில் பயம் தெரியாமல் பார்த்துக்கொண்டு, "நன்றி சாப். பின்பக்க வீட்டுல இன்னும் ரெண்டு பேர் இருக்காங்களாம். திரும்பப் போகணும்" என்றேன். போனார்.

மதியம் மழை கொஞ்சம் விட்டது. மேட்டுத் தெருவில் ஒரு பள்ளிக்கூடத்தில் மீட்டவர்களைத் தங்கவைத்திருந்தார்கள். எங்கள் ஆட்கள் முறை வைத்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது, வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. அக்கா இறங்கினாள். பின்னாலேயே அவள் மகள், மழைக்கோட்டுக்குக் கீழே வெள்ளை உடை தெரிய.

மாமா பார்த்துவிட்டார். ஆனால் ஓடவில்லை. சொட்டச் சொட்ட என்னிடம் வந்து நேராக நின்றார்.

"மேடம், என் பொண்ணு வந்திருக்கா. ஒரு அஞ்சு நிமிஷம் போயிட்டு வரலாமா?"

"இது உங்க டீ நேரம்தானே சாப். போயிட்டு வாங்க."

போய், ஈரக் கையாலேயே குழந்தையின் நெற்றியில் சிலுவை வரைந்தார். நற்கருணை மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு இறங்கவே இல்லை என்று அவள் முறையிட, குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா என் பக்கம் வந்தாள். நாங்கள் பேசியது அவள் காதில் விழுந்திருந்தது.

"உன்கிட்ட இப்படித்தான் கேட்டுட்டு நிப்பாரா?"

"இங்க இப்படித்தான்க்கா."

"உனக்கு ஒரு மாதிரியா இல்ல?"

"முதல்ல இருந்துச்சு. அவருக்கும்தான்."

ஆற்றுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "அந்தத் தண்ணிக்குள்ள அனுப்பினது நீயா?"

"நான்தான்."

அக்கா துப்பட்டா முனையால் என் முகத்தை அழுத்தித் துடைத்துவிட்டு, "சாப்பிட்டியா?" என்றாள்.

"எங்க ஆளுங்க எல்லாரும் சாப்பிட்டதும்."

"அவரும் இதையேதான் சொல்றாரு. ரெண்டும் ஒரே பைத்தியம்."

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. கிறிஸ்துமஸ் வரைக்கும் அவள் போனில் அளந்துதான் பேசினாள். ஆனால் அதன் பிறகு ஒருமுறைகூட மாமாவுக்காக என்னிடம் எதுவும் கேட்டதில்லை. எங்கள் பிரிவின் குடும்ப விழாக்களுக்கு வந்தால், மற்ற சாப்களின் மனைவிகளோடு போய் உட்கார்ந்துகொள்வாள். தூரத்திலிருந்து என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுவாள்.

அடுத்த வருடம் மாமாவுக்குச் சுபேதாராகப் பதவி உயர்வு வந்தது. அவருடைய மதிப்பீட்டை எழுதியது அந்த மேஜர். அதில் என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. செய்தியையே எல்லோரோடும் வரிசையில் நின்றுதான் கேட்டேன். தோளில் இரண்டாவது நட்சத்திரம் குத்தும் நாளில், ஒரு பக்கம் நான் குத்துகிறேனா என்று கமாண்டிங் ஆபீசர் கேட்டார். "அக்கா குத்தட்டும் சார்" என்றேன்.

ஒரு தோளில் அவர் குத்தினார். மறு தோளில் அக்கா. அவளுக்கு ஊசி இரண்டு முறை நழுவியது. மாமா லேசாகத் தோளைத் தாழ்த்திக் கொடுத்தார். அதிகாரிகள் வரிசையிலிருந்து நான் கொஞ்சம் அதிகமாகவே கைதட்டினேன். லீவுக்குச் சிபாரிசு கேட்ட அந்த ஹவில்தார் என்னைவிட அதிகமாகத் தட்டினார். அங்கே நின்ற ஒருவர் முகத்திலும் இது மேடம் வாங்கிக் கொடுத்தது என்ற நினைப்பு இல்லை. அந்த நட்சத்திரம் முழுக்க மாமாவுடையது.

அன்று மாலை மயிலாப்பூரில் அம்மா பிரியாணி செய்திருந்தாள். சாப்பிட்டு முடித்ததும் மாமா லுங்கியோடு காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, "பாப்பா, போய் எல்லாருக்கும் ஐஸ்கிரீம் வாங்கிட்டு வா" என்றார்.

"சித்தி ஆபீசர்ப்பா. அவங்களைப் போய் வேலை வாங்குறீங்க?" என்றாள் குழந்தை.

"அது அங்க. இங்க நான் சொன்னா உங்க சித்தி ஓடணும். இல்ல பாப்பா?"

"ஆமா மாமா" என்று சாவியை எடுத்தேன். குழந்தை எனக்கு முன்னால் படியிறங்கி ஓடி, ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.