எந்த வெள்ளி ராத்திரி?

1988-இல் சிங்கப்பூரின் மார்சிலிங் பேட்டையில், வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ரஷீதா அவர்களில் ஒருத்தி. கப்பல் கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்தவள் மகள் பிறந்ததும் வேலையை விட்டாள். விரல்கள் சும்மா இருக்குமா? பல்கலைக்கழகப் பிள்ளைகளின் ஆய்வேடுகளை வீட்டிலேயே அடித்துக் கொடுக்க ஆரம்பித்தாள். கூடத்து மேசையில் அந்தப் பெட்டி வந்து உட்கார்ந்ததும் அவளுக்கு ஒரு தனி மிடுக்கு. மகளைப் பார்த்துக்கொண்டே சொந்தக் காலில் நிற்கிறாளே, இருக்காதா பின்னே?

அந்த மிடுக்குக்குத்தான் ஆபத்து வந்தது. அடித்ததையெல்லாம் சேர்த்துவைக்கும் ஹார்ட் டிஸ்க் ஒருநாள் கர்ர்ர் என்று இருமிவிட்டுப் படுத்துவிட்டது. "அடிக்கடி அணைச்சு அணைச்சுப் போட்டா ஆயுசு குறையும் லா" என்று கடைக்காரர் சொல்லி வேறொன்று மாட்டினார். அன்றிலிருந்து காலையில் போட்டால் படுக்கும்வரை பெட்டி ஓடிக்கொண்டே இருக்கும். அப்படித் தாங்கியும் இரண்டாவதும் போனது. பாதி அடித்திருந்த ஆய்வேடும் கூடவே போனது. ரஷீதா சமையலறையில் நின்று அழுதாள்.

கணவன் சேக் தாவூதுக்குப் பொறுமை போய்விட்டது. "மூணாவதும் போச்சுன்னா இந்தச் சனியனை யாருக்காவது கொடுத்துடலாம். நீ மறுபடி ஆபீசுக்குப் போ. புள்ளைய யார்கிட்டயாவது விடலாம்" என்றான். சொன்னால் செய்கிற ஆள் அவன். பேசிய கையோடு, தன் தொழிற்சாலையில் டெக்னீஷியனாக இருந்த எட்மண்டையும் அவனே அழைத்து வந்தான். மனுஷனுக்கு வாய் நீளம்தான், மனசு கெட்டதில்லை.

எட்மண்ட் ஒயரைப் பார்த்தார், மின்சாரத்தை அளந்தார், விசிறியைத் துடைத்தார். எல்லாம் சரியாகவே இருந்தன. "எப்போ போச்சு தங்கச்சி?"

"ரெண்டு தடவையும் வெள்ளி ராத்திரிதாண்ணே."

"அப்ப வெள்ளி ராத்திரி நானே வந்து உக்காந்து பாக்கறேன்."

கிறிஸ்தவர்களுக்கு அது தவக்காலம். வெள்ளிதோறும் மாதா கோயிலில் சிலுவைப்பாதை வழிபாடு உண்டு. அதைத் தவறவிடாத எட்மண்ட், அந்த வெள்ளிக்கிழமை மட்டும் ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மார்சிலிங்குக்கு வந்தார். மூன்றாவது டிஸ்க்கை மாட்டிவிட்டு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். பொழுது சாய்ந்தது. விளக்கு போட்டாயிற்று. பெட்டி சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு முனகல்கூட இல்லை. மூவரும் அதையே முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

ரஷீதா ஆட்டுக்கறியும் ரொட்டியும் கொண்டுவந்து வைத்தாள். எட்மண்ட் நெளிந்தார். "மன்னிச்சுக்கம்மா, தவக்காலத்துல வெள்ளிக்கிழமை நாங்க கறி தொடமாட்டோம்."

"அய்யய்யோ, தெரியாமப் போச்சேண்ணே! நேத்து வெள்ளி ராத்திரி குர்ஆன் ஓதலுக்கு வந்தவங்களுக்கு ஆக்குனது, சூடு பண்ணிக் கொண்டாந்தேன்."

எட்மண்ட் நிமிர்ந்தார். "நேத்து வியாழன்தானே?"

"ஆமா. பொழுது சாஞ்சு மக்ரிபு தொழுதுட்டா அப்புறம் வெள்ளி ராத்திரிதானே!"

வியாழன் பொழுது சாய்ந்தாலே வெள்ளி பிறந்துவிடும் என்பது இவர்கள் கணக்கு. எட்மண்டுக்கு வெள்ளி என்றால் வெள்ளி. சிலுவைப்பாதையை விட்டுவிட்டுத் தப்பான ராத்திரிக்குக் காவல் இருந்திருக்கிறார்! தலையில் அடித்துக்கொண்டு சிரித்தவர் சட்டென்று நிறுத்தினார். "ஓதலப்போ இந்தக் கூடத்துல என்ன செய்வீங்க?"

"பாய் விரிக்க இடம் வேணாமா? மேசையை இவங்க சுவரோரம் இழுத்துப் போடுவாங்க."

"பெட்டி ஓடிக்கிட்டே இருக்குமா?"

"அணைக்கக் கூடாதுன்னாங்களே!"

"உள்ள தட்டு சுத்துது தங்கச்சி. அதுக்கு மேல மயிரிழை உசரத்துல ஊசி மாதிரி ஒண்ணு நிக்குது. அந்நேரம் இழுத்து ஆட்டினா ஊசி தட்டுல இடிச்சுக் கீறிடும். ஒரு தடவை தப்பும், எப்பவும் தப்பாது."

ரஷீதா மெல்லத் திரும்பிக் கணவனைப் பார்த்தாள். தாவூது ரொட்டியைப் பிய்ப்பதில் மும்முரமானான். எட்மண்டுக்கு முட்டை பொரித்துக் கொடுத்தாள். அவர் சாப்பிட்டுவிட்டு, இனி மேசையை நகர்த்துமுன் PARK என்று அடித்து, ஊசியை ஓரங்கட்டி, பெட்டியை அணைத்துவிடும்படி சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வியாழன் மக்ரிபு முடிந்தது. தாவூது மேசையில் கைவைக்கப் போய், சுட்டதுபோல் எடுத்துக்கொண்டான். "ரஷீதா, தூங்க வெச்சுட்டியா?"

அவள் PARK அடித்து அணைத்தாள். ஆட்கள் வந்தார்கள், ஓதினார்கள், சாப்பிட்டுப் போனார்கள். மேசை பழைய இடத்துக்கு வந்தது. பிஸ்மி சொல்லிப் பொத்தானை அழுத்தினாள். ஊங்... என்று சுற்றியது. இருமவில்லை. விட்ட பக்கத்திலேயே, விட்ட வரியிலேயே, அவள் மறுபடி அடிக்கத் தொடங்கியிருந்த ஆய்வேடு திறந்தது. அல்ஹம்துலில்லாஹ்! நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது. அவள் சிரித்தாள், கண்ணும் கலங்கியது.

தாவூது தொண்டையைச் செருமினான். "ஆபீசுக்குப் போகச் சொன்னேன்ல, அதை மறந்துடு."

"மறக்கிறதாவது! விளக்கு வெளிச்சம் கண்ணுல அடிக்குது, மேசையைக் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளுங்க" என்றவள் பதறி எழுந்தாள். "ஐயோ, வேணாம், ஓடுது! தொடாதீங்க!"