மாமனாரின் டேப்லெட்டும் நான் வாங்காத திட்டும்

என் மாமனாருக்கு நூம்பலில் கொஞ்சம் நிலம் இருந்தது. இப்போது அங்கே அடுக்குமாடிகள் நிற்கின்றன. அதை விற்றதில் அவருக்கு வருத்தம் எதுவும் கிடையாது. “பேங்க்ல கீற பயிருக்குப் பூச்சி அடிக்காது மாப்ளே” என்பார்.

முட்டி ஆபரேஷன் ஆகி அவர் கட்டிலோடு கிடந்தபோது, பொழுது போகட்டும் என்று என் மனைவி தன் பழைய டேப்லெட்டைக் கொடுத்தாள். அதில் ஒரு பண்ணை விளையாட்டு. விதைக்க வேண்டும், தண்ணீர் விட வேண்டும், மாட்டுக்குத் தீனி வைக்க வேண்டும். முட்டி சரியாகி நடமாடத் தொடங்கிய பிறகும் அவர் அந்தப் பண்ணையை விடவில்லை. நாலு மாடு, ஒரு கோழிக்கூட்டம், ஆற்றோரமாகப் பெரிய சோளக்கொல்லை என்று வளர்த்து வைத்திருந்தார். காலையில் காபி முடிந்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால், டிபன் ஆறிப் போகும்வரை எழ மாட்டார். “இதுல இடுப்பு வலிக்காது. மோட்டாருக்குக் கரண்டு வந்துச்சான்னு முழிச்சிகினு கெடக்கவும் வேணாம்.”

அந்தப் பண்ணையில்தான் நான் கை வைத்தேன்.

நான் கரூர்க்காரன். அம்பத்தூரில் ஐ.டி. வேலை. ஆபீசில் என் முக்கியமான பணி, அடுத்தவர்கள் அனுப்பும் கணக்குத்தாள்களில் கட்டங்களுக்கு நிறம் தீட்டுவது. மனைவி வீட்டிலோ எனக்குக் ‘கம்ப்யூட்டர் மாப்பிள்ளை’ என்று பட்டம். மிக்சி ஓடவில்லை என்றாலும் என்னைத்தான் கேட்பார்கள். பட்டத்தை மறுக்கும் அளவுக்கு நான் யோக்கியன் இல்லை.

ஒரு சனிக்கிழமை மாமனார், “ரொம்ப ஸ்லோ மாப்ளே. கறக்கறதுக்குள்ள பால் திரிஞ்சிடும் போலக்கீது” என்றார்.

“இதுல இருக்கற சிஸ்டம் கெழடாயிருச்சு மாமா. வேற ஒண்ணு போட்டுட்டா புதுசு மாதிரி ஓடும்” என்றேன். எல்லாம் ஒரு வீடியோ பார்த்த தைரியம்.

அந்த வீடியோவில், முதலில் உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துவிடச் சொன்னார்கள். பண்ணை போய்விடுமே என்று அந்த ஒரு படியை மட்டும் நான் தாண்டிவிட்டேன். விளைவு, பழைய குடித்தனக்காரர் சாமான்களைக் காலி செய்வதற்குள் புதியவரை உள்ளே ஏற்றிய கதையாயிற்று. கதவைத் திறக்க ஆளில்லை. கம்பெனி முத்திரை வரும், கொஞ்ச நேரம் மினுக்கும், இருண்டுவிடும், மறுபடி முத்திரை வரும்.

“இன்னா மாப்ளே, வந்துகினும் போய்கினும் கீது?”

“அப்டேட் ஆகுது மாமா.”

மாலைக்குள் அவருக்கே புரிந்துவிட்டது. “பரவால்ல மாப்ளே. வெள்ளம் வந்து அடிச்சிகினு போச்சுன்னு நெனச்சிக்கறேன். நீங்க மொதல்ல சாப்டுங்க” என்றார்.

அந்த வீட்டில் மாப்பிள்ளையைத் திட்ட மாட்டார்கள். ஒருமுறை காரைப் பின்னுக்கு எடுக்கும்போது அவர்கள் கேட்டை இடித்துச் சாய்த்தேன். “கேட்டு கொஞ்சம் ரோட்டுப் பக்கமாத்தான் நின்னுகினு இருந்துச்சு” என்றார் மாமனார். சேதம் பெரிதாக ஆக, மாமியாரின் சமையலும் தடபுடலாகும். டேப்லெட் இருண்ட அன்று வஞ்சிரம் வறுவல். மறுநாளும் எழவில்லை என்றதும் நாட்டுக்கோழி. திட்டு வாங்கினால்கூட ஒரு சோடா குடித்துச் செரித்துவிடலாம். இது தொண்டையிலேயே நின்றது.

என் மனைவிக்கு அந்தக் கட்டுப்பாடெல்லாம் இல்லை. சனிக்கிழமை ராத்திரியே அறைக்குள் இழுத்து வைத்துக் கேட்டாள். “நோண்டாம இருக்கவே முடியாதா உங்களால? எங்கப்பா வாயத் தொறந்து கேக்க மாட்டாரு. அதுக்காக அவருக்கு ஒண்ணும் இல்லன்னு அர்த்தமா?”

ஞாயிறு காலை காபி குடித்துவிட்டு, மாமனார் வழக்கம்போலக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். கையில் ஒன்றுமில்லை. கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார். நான் பார்ப்பதைப் பார்த்ததும், “எல்லாத்தையும் அழிச்சிட்டே ஆரம்பிங்க மாப்ளே. வெதைக்கறது நமக்கு இன்னா புதுசா?” என்றார்.

எனக்கு அது பெரிய வசதி. ஒரு பொத்தானை அமுக்கினால் டேப்லெட் எழுந்துவிடும், நானும் தப்பித்துவிடுவேன். ஆனால் அவர் மனசில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. பெற்ற மகளை நாளைக்குப் பத்து தடவை திட்டுகிற மனிதர். எனக்கு மட்டும் இத்தனை வருடமாகச் சிரிப்பும் வறுவலும்தான். மரியாதை என்று நான் பெருமையாக நினைத்திருந்தது, வாசல் வரைக்குமான வரவேற்புதானோ என்று அப்போது தோன்றியது.

அழிப்பதற்கு முன்னால் பண்ணையை வெளியே எடுத்தாக வேண்டும். டேப்லெட் முழுதாக எழாவிட்டாலும், பொத்தான்களைச் சேர்த்து அமுக்கினால் பழுது பார்க்கும் திரை ஒன்று வரும். அங்கிருந்து விளையாட்டின் கோப்புகளை ஒரு மெமரி கார்டில் நகலெடுக்கலாம் என்று படித்தேன். கார்டு வாங்கக் கரையான்சாவடி போனேன்.

கடைக்காரர் டேப்லெட்டைத் திருப்பிப் பார்த்தார். “இன்னா அண்ணாத்தே, ஃபார்மட் பண்ணிடலாமே. உள்ள எதுனா முக்கியமா கீதா?”

“நாலு மாடு, கொஞ்சம் கோழி, ஒரு சோளக்கொல்லை.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “இன்னா வேலை பண்றீங்கோ?”

“ஐ.டி.”

“அதானே பாத்தேன்” என்று கார்டை எடுத்துக் கொடுத்தார்.

நகலெடுத்தேன். நகல் சரியாக வந்திருக்கிறதா என்று லேப்டாப்பில் திறந்து திறந்து பார்த்தேன். பிறகு டேப்லெட் கேட்டது: எல்லாவற்றையும் அழிக்கவா? ஆபீசில் இப்படிப்பட்ட கேள்விகளுக்குப் படிக்காமலே ‘சரி’ போடுகிறவன் நான். இதை மட்டும் எழுத்துக்கூட்டிப் படித்தேன். அழித்துவிட்டு, அதை வாங்கும்போது இருந்த பழைய சிஸ்டத்தையே லேப்டாப் வழியாக மறுபடி ஏற்றினேன். டேப்லெட் எழுந்தது. விளையாட்டைப் போட்டு, கார்டிலிருந்த கோப்புகளை அதற்குள் வைத்துத் திறந்தேன்.

ஆறு இருந்தது. மாடுகள் இருந்தன. ஓடிப்போய் மாமனார் கையில் கொடுத்தேன்.

கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரையை விரலால் இப்படியும் அப்படியும் நகர்த்தினார். அவர் முகம் மாறியது.

“யோவ்! இன்னாய்யா பண்ணி வெச்சிக்கீற? தண்ணி இல்லாம சோளம் மொத்தமும் காஞ்சி கெடக்குது! மாடுங்க பசியில கத்திகினு கீது! நல்லா ஓடிகினு இருந்தத எதுக்குய்யா நோண்டற? அறிவு கீதாய்யா உனக்கு?”

மாமியார் கரண்டியோடு ஓடிவந்தார். “ஏங்க, மாப்ளேவப் போயி...”

“மாப்ளேயாம் மாப்ளே! நீ சும்மா கெட!”

என் மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. போனது போனதுதான் என்று இருந்தவரைக்கும் அவர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்திருக்கிறார். திரும்பக் கிடைத்த பிறகுதான், கோபப்பட அவருக்குத் தெம்பு வந்தது.

அந்த வீட்டில் எனக்கென்று எப்போதும் துண்டால் தட்டி ஒரு நாற்காலி போடுவார்கள். அன்று அதை யாரும் நினைக்கவில்லை.

“இன்னா இளிப்பு? இப்டி ஒக்காரு” என்று கட்டிலில் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார். “நான் கொல்லைக்குத் தண்ணி உடறேன். நீ மாட்டுக்குத் தீனி வையி.”

பக்கத்தில் உட்கார்ந்து, மிகுந்த பணிவோடு விரலை வைத்தேன்.

“அது கோழிய்யா!”