புஷ்பம் அக்காவை நான் அழித்த கதை

புஷ்பம் அக்காவுக்குக் கேக் வெட்டி வழியனுப்பிய அன்றே, அந்தக் கேக் செரிக்கும் முன்னரே, அவரை நான் அழித்துவிட்டேன். கணினியிலிருந்துதான்... பொலிசுக்கு அறிவிக்க வேண்டாம்.

இந்தப் பத்திரிகைப் பத்தியை எழுதி நான் பிழைப்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். வெள்ளவத்தையில் ஓர் இரத்தப் பரிசோதனைக் கூடத்தின் டேட்டாபேஸைக் காவல் காக்கிறேன். யார் எதைப் பார்க்கலாம், யார் எதைத் தொடக்கூடாது — எல்லாம் என் கையில். ஓய்வுபெற்றவரின் யூசர் ஐடியை உடனே நீக்குவது ஒழுங்கு. அன்று எனக்கு ஒழுங்கு தலைக்கேறியிருந்தது. மற்றவர்களின் பேர்மிஷன்களையும் சற்று இறுக்கிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

திங்கள் காலை, கொட்டாஞ்சேனைக் கிளையின் கவுண்டரிலிருந்து ரிஸானா அழைத்தார்.

“சேர், ஒரு ரிப்போட்டும் தொறக்குதில்ல. ஏதோ எரர் வருது. வாசிக்கட்டா?”

“வேணாம். பேர்மிஷன் பிரச்சினைதான். இப்ப தாறன்.”

தந்தேன். திறக்கவில்லை.

“சேர், இங்க ஒருத்தர் நிக்கிறார். அவர்ட வாப்பாவ பதினொரு மணிக்கு ஒப்பரேஷனுக்கு எடுக்கிறாங்களாம். ரிப்போட் இல்லாட்டி எடுக்க மாட்டாங்களாம்.”

மணி பத்தே கால். எழுத அனுமதி கொடுத்தேன். அழிக்க அனுமதி கொடுத்தேன். கடைசியில் என் அதிகாரம் முழுவதையும் தூக்கிக் கொடுத்தேன் — அந்த நிமிடம் ரிஸானா நினைத்திருந்தால் என்னையே நீக்கியிருக்கலாம். ரிப்போர்ட் மட்டும் அசையவில்லை.

தொலைபேசிக்குள் அந்த மனிதரின் குரல்: “மிஸ், கையாலயாவது எழுதித் தாங்க, நான் ஓடுறன்!”

கையால் எழுதியதை எந்த ஆஸ்பத்திரி ஏற்கும்? எழுதுவதற்குத்தான் முடிவு எங்கே தெரிகிறது?

பத்தரை. எழுந்தேன். உட்கார்ந்தேன். மின்விசிறியைக் கூட்டினேன். வேறு வழியில்லாமல் ரிப்போர்ட்டை நானே திறந்து பார்த்தேன். எனக்கும் எரர்! அதில் புஷ்பம் அக்காவின் பெயர் — அப்படி ஒருவரே இல்லையாம்.

எல்லாருடைய முடிவுகளையும் எடுத்துத் தரும் அந்த ரிப்போர்ட் நிரலைப் பல வருடங்களுக்கு முன் உருவாக்கியவர் அக்கா. யார் திறந்தாலும் அவருடைய அதிகாரத்தில்தான் அது திறக்கும். நானோ ஆளையே நீக்கிவிட்டு, ரிஸானாவுக்கு அதிகாரத்தை அள்ளி அள்ளிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அக்காவைப் பழைய அதிகாரங்களோடு அவசரமாக மீண்டும் பிறப்பித்தேன். பிரிண்டர் ஓடும் சத்தம் கேட்டது. தொடர்ந்து அந்த மனிதர் ஓடும் சத்தம்.

ஓர் அலுவலகத்தில் யாருடைய பெயரில் எது ஓடுகிறது என்பது, அவரை அனுப்பிவைத்த பிறகுதான் தெரிகிறது. வழியனுப்பு விழாவில் இதை யாரும் சொல்வதில்லை... நானும்தான் ஐந்து நிமிடம் பேசினேன்.

பின்னேரம் ரிஸானாவிடமிருந்து அதிகாரங்களைத் திருப்பி எடுத்தேன். அந்த மனிதரின் தகப்பனை நேரத்துக்கே ஒப்பரேஷனுக்கு எடுத்துவிட்டார்களாம். அந்தத் தெம்பில் என் கண்டுபிடிப்பை ரிஸானாவுக்கு விரிவாக விளக்கினேன்.

பொறுமையாகக் கேட்டார்.

“ஓம் சேர், காலையில வந்த எரர்லயும் அக்காட பேர்தான் இருந்திச்சு. வாசிக்கட்டா எண்டு கேட்டனே?”