மஞ்சள் தடவிய சான்றும் மௌன கிரிவலமும்

மலையைச் சுற்றி வரும் அன்பர்களுக்கு ஒரு சமையல்காரன் எழுதுவது. செங்கம் சாலையில் ஒரு விடுதியில் வேலை செய்கிறேன். வெளிநாட்டுக்காரர்களுக்கு மிளகாய் போடாத சாம்பார் வைப்பதுதான் என் பிழைப்பு. எழுதிப் பழக்கமில்லை. ஆனாலும் மூன்று வருடங்களுக்கு முன் வைகாசி மாதத்தில் எனக்கு நடந்ததைச் சொல்லாமல் விட்டால் நான் நன்றி கெட்டவன் ஆகிவிடுவேன்.

அந்த வியாழக்கிழமை மதியம் வேங்கிக்காலில் ஒரு கணினி மையத்தில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். பெற்ற மகளின் படிப்பை என் கையாலேயே கெடுத்துவிட்டேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

மகள் பெயர் கீர்த்தனா. பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு மாடு கன்று என்றால் உயிர். கால்நடை மருத்துவம்தான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அதற்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் படித்திருக்க வேண்டும்; படித்திருந்தாள். மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் எல்லாம் தயாராக இருந்தன. எல்லாவற்றையும்விட முக்கியமாக இன்னொரு காகிதம் இருந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில்தான் படித்தாள் என்று தலைமையாசிரியர்கள் கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்துக் கொடுக்கும் சான்று. அது இருந்தால்தான் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான ஒதுக்கீட்டில் அவளுக்கு இடம். பொதுப் பட்டியலில் அவள் எடுத்த மதிப்பெண் எட்டாது. அதைக் கணக்குப் போட்டு எனக்குச் சொன்னதும் அவள்தான்.

கீர்த்தனா எட்டாவது வரை என் மனைவியின் கிராமத்தில் படித்தாள். அதற்குப் பிறகு திருவண்ணாமலையில். இரண்டு பள்ளிக்கும் அலைந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்து, எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு வைத்தாள்.

இங்கேதான் என் பக்தி குறுக்கே வந்தது. புது நோட்டு, புது வண்டி, புதுச் சட்டை எதுவானாலும் மஞ்சள் வைக்காமல் எங்கள் வீட்டில் தொடமாட்டோம். அவள் குளிக்கப் போயிருந்த நேரத்தில் மஞ்சளை நன்றாகக் குழைத்து, அந்தச் சான்றின் நான்கு மூலையிலும் தடவி, குங்குமமும் வைத்து, அம்மன் படத்துக்குக் கீழே கோப்பை வைத்தேன். நல்ல நாள் வரட்டும் என்று விண்ணப்பத்தையும் தள்ளிப்போட்டேன். அந்த நல்ல நாள், கடைசி நாளுக்கு முதல் நாளாக அமைந்தது.

கணினி மையத்துப் பெண் காகிதத்தை எடுத்து ஒரு நிமிடம் பார்த்தாள்.

"அண்ணா, இது சான்றா, கல்யாணப் பத்திரிகையா?"

எனக்கு முதலில் புரியவில்லை. கீழ் மூலை ஒன்றில் கிராமத்துப் பள்ளித் தலைமையாசிரியையின் பச்சை மைக் கையெழுத்து. இன்னொன்றில் அந்தப் பள்ளியின் முத்திரை. இரண்டும் என் மஞ்சளில் கரைந்து செம்மண் குட்டைபோல் ஆகியிருந்தன.

"நாளைக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள வேற வாங்கிட்டு வாங்க. இதை ஏத்தினா தள்ளிடுவாங்க" என்றாள் அந்தப் பெண்.

பக்கத்தில் இருந்த கீர்த்தனா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கோப்பை மூடி மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

நகரத்துப் பள்ளியில் அன்று மாலையே புதுப் படிவத்தில் கையெழுத்துக் கிடைத்துவிட்டது. கிராமத்துப் பள்ளி கோடை விடுமுறையில் பூட்டிக் கிடந்தது. தலைமையாசிரியை திருவண்ணாமலையில் எங்கோ குடியிருக்கிறார் என்றார்களே தவிர வீடு யாருக்கும் தெரியவில்லை. அவருடைய போன் அணைந்தே இருந்தது. எத்தனை முறை போட்டேன் என்று எனக்கே தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "நீ வெச்ச மஞ்சளுக்கு நீயே போய் சாமிகிட்ட பதில் சொல்லு."

மறுநாள் வெள்ளிக்கிழமை, பௌர்ணமி. விடியும்போதே புதுப் படிவத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு கிரிவலம் கிளம்பினேன். முந்தின நாள் மழை பெய்திருந்தது. மலையின் பாதிக்கு மேல் மேகம் மூடியிருந்தது. சாலை, மரங்கள், முன்னால் போகிறவர்களின் முதுகுகள் எல்லாம் புகைக்குள் இருப்பதுபோல் தெரிந்தன. தூக்கமில்லாத கண்ணுக்கு நான் நடக்கிறேனா, மலை நகர்கிறதா என்றே விளங்கவில்லை. அண்ணாமலையாரிடம் பேரம் பேசிக்கொண்டே போனேன். மொட்டை போடுகிறேன், அன்னதானம் செய்கிறேன், இனி உன்னைக் கேட்காமல் மஞ்சள் டப்பாவைக்கூடத் தொடமாட்டேன் என்று வாய் ஓயாமல் முணுமுணுத்தேன்.

நிருதி லிங்கத்தின் முன் திருநீறு பூசிக்கொண்டு ஒரு பெண்மணி திரும்பினார். ஈரத் தலையை முடிந்திருந்தார், காலில் செருப்பில்லை. பார்த்த முகமாக இருக்கிறதே என்று நினைத்தேன். அடுத்த நொடி அடையாளம் தெரிந்தது. அந்தத் தலைமையாசிரியைதான்.

"மேடம்" என்று ஓடிப்போய் உறையை நீட்டி, என் கதையை மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் கைகூப்பினார். பிறகு உதட்டில் ஒரு விரலை வைத்துக்காட்டிவிட்டு நடக்க ஆரம்பித்தார். மௌன கிரிவலம். சுற்றி முடிக்கும்வரை பேசமாட்டார். நான் சொன்னது அவருக்குப் புரிந்ததா, என்னை யாரென்று தெரிந்ததா, எதுவும் தெரியவில்லை. இன்னும் ஒன்பது கிலோமீட்டருக்குக் குறையாது. கடிகாரம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பொய் சொல்வானேன், எனக்குக் கோபம்தான் வந்தது.

வேறு வழியில்லாமல் பின்னால் நடந்தேன். அவர் பேசாதபோது நான் மட்டும் முணுமுணுப்பது வெட்கமாக இருந்தது, நிறுத்திவிட்டேன். கொஞ்ச தூரத்தில் மனசுக்குள் ஓடிய பேரமும் நின்றது. ஈரச் சாலையில் எங்கள் பாதங்களின் சத்தம் மட்டும் கேட்டது. மேகம் விலகி விலகி மலை தெரிந்தது, மறைந்தது. மயில் ஒன்று கத்தியது. சாம்பிராணி வாசனை எங்கிருந்தோ வந்து கூடவே கொஞ்ச தூரம் வந்தது. முன்னால் போகிறவர் தலைமையாசிரியை என்பதே ஒரு கட்டத்தில் மறந்துபோனது. மகளுக்கு இடம் வேண்டும் என்று கேட்கவும் மறந்துவிட்டேன். யாரோ என் கையைப் பிடித்துக் கூட்டிப்போவதுபோல் இருந்தது. அழுதுகொண்டே நடந்தேன். அது துக்கமில்லை. வாழ்க்கையில் முதல் முறையாக எதுவும் கேட்காமல் அண்ணாமலையாரைச் சுற்றினேன்.

ராஜகோபுரத்தின் முன் தலைமையாசிரியை விழுந்து கும்பிட்டு எழுந்தார். திரும்பி என்னைப் பார்த்தார்.

"கீர்த்தனா அப்பாதான நீங்க? ஃபாரத்தைக் குடுங்க. முத்திரை ஸ்கூல் பீரோல இருக்கு, போலாம் வாங்க."

உறையை எடுத்து நீட்டினேன். வாங்கிக்கொண்டு சொன்னார். "மன்னிச்சுக்கங்க. பௌர்ணமிக்கு மொத நாளே போனை அணைச்சிடுவேன், ரொம்ப நாள் பழக்கம். எப்பவும் சாயங்காலம்தான் சுத்துவேன். இன்னிக்கு என்னமோ விடியறதுக்குள்ள முழிப்பு வந்துடுச்சு."

அன்பர்களே, இதைத் தற்செயல் என்று சொல்கிறவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. அந்த முழிப்பைக் கொடுத்தது யார் என்று எனக்குத் தெரியும்.

பௌர்ணமிக் கூட்டத்தில் பேருந்து நிலையத்தையே ஊருக்கு வெளியே மாற்றியிருந்தார்கள். அவர் வீட்டுக்குப் போய்ச் சாவி எடுத்து, நடந்து, பஸ் பிடித்துப் பள்ளிக்கூடம் போய்ச் சேர ஒரு மணியாகிவிட்டது. பட்டினியோடு வந்த அந்த அம்மா பீரோவைத் திறந்து, பழைய பதிவேட்டில் கீர்த்தனாவின் பெயரைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்தார். மை காயும்வரை இரண்டு பேரும் அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நாலரைக்கு வேங்கிக்காலில் விண்ணப்பம் ஏறியது.

இடம் கிடைத்த செய்தி வந்தபோது நான் தோசை மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். அப்படியே அடுப்படியில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதேன். பாத்திரம் தேய்க்கும் அக்கா, எனக்கு மாரடைப்பு என்று பயந்துவிட்டார்.

அன்றிலிருந்து பௌர்ணமிதோறும் பேசாமல், கேட்காமல் சுற்றுகிறேன். "வீட்லயும் அப்பப்ப அப்படி இருந்தா இன்னும் நல்லாருக்கும்" என்கிறாள் மனைவி. பிள்ளையின் விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு எந்தப் பட்டியலில் பெயர் வருமோ என்று கலங்கி நிற்கும் பெற்றோர்களே, நீங்களும் ஒரு முறை வந்து நடந்து பாருங்கள். உங்கள் மனதில் இருப்பது அண்ணாமலையாருக்குத் தெரியும். நம்பி வாருங்கள்.

போன மாதம் கீர்த்தனா கல்லூரியிலிருந்து போன் செய்தாள். பண்ணையில் ஒரு பசுவுக்குப் பிரசவம் சிக்கலாகிவிட்டதாம். ஆசிரியர் பக்கத்தில் நின்று சொல்லச்சொல்ல, இவளே கையை விட்டுக் கன்றை வெளியே எடுத்திருக்கிறாள். மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்.

"அப்பா, கன்னு எழுந்து நின்னுடுச்சுப்பா."