கறுப்பு வெள்ளையில் அத்தான்

என் விசிட்டிங் கார்டில் இரண்டு வரிகள் உண்டு. மேலே ‘கிராஃபிக் டிசைனர்’, கீழே ‘குறும்பட இயக்குநர்’. இரண்டும் ஒரே அளவு எழுத்து. இராஜபாளையத்தில் என் கடைக்கு வருபவர்கள் மேல் வரியோடு நிறுத்திக்கொள்வார்கள். காதுகுத்து ஃப்ளெக்ஸ், பால்கோவா டப்பா, பேண்டேஜ் அட்டைப்பெட்டி என்று மேல் வரி சம்பாதிக்கும். கீழ் வரி செலவழிக்கும்.

சென்ற ஆண்டு எடுத்த படத்தில், பேண்டேஜ் துணி நெய்யும் ஒருவர் விடுமுறை நாளில் என்ன செய்வதென்று தெரியாமல் ஊரைச் சுற்றுகிறார். அவ்வளவுதான் கதை. நடித்தவர் என் அக்காவின் கணவர். நிஜத்திலும் அவருக்குத் தறி ஓட்டுவதுதான் வேலை. விடுமுறையில் என்ன செய்வதென்று நிஜமாகவே தெரியாது. ஆகவே நடிப்பு சிறப்பாக அமைந்தது.

என் முந்தைய படங்களைச் சொந்தக்காரர்கள் மட்டுமே பார்த்திருந்தார்கள், அதுவும் சாப்பாடு போட்டதால். இதையாவது வெளி மனிதர்கள் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சிறிய மண்டபம் பிடித்தேன். போஸ்டருக்கே ஒரு வாரம் செலவிட்டேன். எங்கள் ஊர் ஃப்ளெக்ஸ்களில் மாமன், மச்சான், மச்சானின் நண்பர் என்று முகங்கள் வரிசை கட்டும்; நிறங்கள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். இதில் அது எதுவும் கூடாது. அத்தானின் முகம் மட்டும், கறுப்பு வெள்ளையில், சிரிக்காமல், சுற்றிலும் வெற்றிடத்தோடு. கீழே சிறிய எழுத்தில் படத்தின் பெயர், நாள், நேரம், இடம். ஓரங்களை மூன்று முறை சரிபார்த்தேன்.

திரையிடலன்று அதிகாலையில் இரண்டு ஊர் பஸ் ஸ்டாண்டுகளிலும் ஒட்டினார்கள். நான் கடை திறப்பதற்குள் அக்காவின் ஃபோன்.

“ஏட்டி, உங்க அத்தானை என்னட்டி செஞ்ச? வாசல்ல மாலையோட நிக்காவ!”

கறுப்பு வெள்ளையில் ஒற்றை முகம், கீழே நேரமும் இடமும் என்றால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே பொருள்தான். கண்ணீர் அஞ்சலி போஸ்டர்கள் என் கடையிலேயே மாதம் தவறாமல் அடிக்கிறேன். ஓரங்களைச் சரிபார்த்தவளுக்கு அது தோன்றவில்லை. படத்தின் பெயரை யாரும் படிக்கவுமில்லை. முகத்தைப் பார்த்ததுமே மாலை வாங்கப் போய்விட்டார்கள்.

நான் போனபோது தெருவில் பிளாஸ்டிக் நாற்காலிகள் இறங்கியிருந்தன.

“படமும் வேணாம், ஒண்ணும் வேணாம். மண்டபத்தைப் பூட்டச் சொல்லு. என் தாலியோட வெளையாடுத” என்றாள் அக்கா. படம் பார்க்க வரவிருந்த என் வெளி மனிதர்கள் அத்தோடு போனார்கள் என்று நினைத்தேன்.

செய்தி தறிக்கூடத்துக்கு எட்டி, அத்தானைப் பாதி ஷிஃப்டில் அனுப்பிவிட்டார்கள். தலையெல்லாம் பஞ்சுத் தூசியோடு வண்டியில் வந்து இறங்கினார். அவரோடு வேலை பார்ப்பவர், போஸ்டரைப் பார்த்துவிட்டு அன்று தறிப்பக்கமே போகாமல் நேரே வந்திருந்தவர், எழுந்து நின்றார்.

“ஏலே, உனக்காக அரை நாள் லீவு போட்டுட்டு வந்துருக்கேன். நீ பாட்டுக்கு வண்டியில வார!”

அத்தான் கூட்டத்தை ஒருமுறை பார்த்தார். படப்பிடிப்பில் நான் எவ்வளவு கெஞ்சியும் வராத மகிழ்ச்சி அந்த முகத்தில் வந்தது.

“எனக்கு இம்புட்டுப் பேர் வாராவளா? மாலையக் கொண்டாங்க, போட்டுக்கிடுதேன்.”

அக்கா மாலையைப் பிடுங்கி எறிந்தாள். தெரு நிறைய நின்ற கூட்டத்தைப் பார்த்தாள். “பொறவு என்ன செய்ய? உசுரோட இருக்கியன்னு அம்புட்டுப் பேருக்கும் காட்டணும்லா. போடட்டும் படத்தை.”

மாலையில் மண்டபத்தில் நிற்க இடமில்லை. கதையை யாரும் பார்க்கவில்லை; அத்தான் நடக்கிறாரா, டீ குடிக்கிறாரா என்று பார்த்தார்கள். “நல்லாத்தான நடக்கான்” என்றது ஒரு குரல். “இது முந்தியே எடுத்ததா இருக்கும்லே” என்றது இன்னொன்று. அத்தான் முன்வரிசையில் எழுந்து நின்று கையை ஆட்டினார். அன்று கைதட்டல் கிடைத்தது அதற்கு மட்டும்தான்.

எல்லோரும் போன பிறகு ஒருவர் காத்திருந்தார். கூமாப்பட்டிக்காரர், எங்களுக்கு எந்த வகையிலும் உறவில்லை. பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது.

“அந்தப் போஸ்டர் போட்டது நீங்கதானக்கா? எங்கப்பாவுக்கும் அதே மாதிரி ஒண்ணு வேணும்.”

“எப்ப தவறுனாவ?”

“ஐயையோ, வயல்ல நிக்காவக்கா. மொகம் இப்பதான் நல்லாருக்கு. அதான், இப்பவே எடுத்து வச்சுக்கிடுவோமேன்னு.”

வயலில் வெயில் எந்தப் பக்கமிருந்து விழும் என்று கேட்டுக்கொண்டேன். மறுநாள் காலை கேமராவோடு கூமாப்பட்டிக்குப் பஸ் ஏறினேன்.